பிசிஓஎஸ் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை ஏன்?

திருமணமாகாத மகளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பிசிஓஎஸ் என்று சொல்லி, 21 மாத்திரை உள்ள அட்டை ஒன்றை எழுதித் தருகிறார். மருந்துக் கடையில் "இது கருத்தடை மாத்திரை" என்றதும் நமக்குப் பகீர் என்கிறது. பிள்ளைப்பேறு பாதிக்குமோ, சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்தால் என்னாகுமோ என்று பயந்து, அட்டையைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. சினைப்பை ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. முகத்தில் முடி, பரு, தலைமுடி உதிர்வு எல்லாம் அதனால் வருபவை. 'நீர்க்கட்டி' என்ற பெயர்தான் வீணாகப் பயமுறுத்துகிறது. ஸ்கேனில் தெரிபவை, முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகளே.

மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் இருக்கின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டுவதை இவை குறைக்கின்றன. ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கவும் செய்கின்றன. இதைவிட முக்கியமானது கருப்பைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. மாதக்கணக்கில் மாதவிடாய் வராவிட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். பிற்காலத்தில் அது புற்றுநோயாக மாறும் ஆபத்து உண்டு. மாத்திரை அதைத் தடுக்கிறது. மாத்திரையால் மலட்டுத்தன்மை வராது. நிறுத்தினால் பழைய ஒழுங்கற்ற சுழற்சி திரும்பலாம், அது நோயின் தன்மை.

ஆனால் மாத்திரை தொடாத பகுதி ஒன்று இருக்கிறது. நம் செல்கள் உணவை எரிக்கும்போது 'ஃப்ரீ ராடிகல்' எனும் கழிவுகள் உண்டாகின்றன. அவற்றை அடக்கும் சக்தி உடலில் குறைந்தால் வருவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். பிசிஓஎஸ் உள்ளவர்களிடம், ஒல்லியாக இருப்பவர்களிடமும்கூட, குளுக்கோஸ் குடித்த பிறகு ரத்த வெள்ளணுக்கள் இக்கழிவுகளை வழக்கத்தைவிட அதிகம் வெளியிடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதனால் உண்டாகும் அழற்சி இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்க, கூடும் இன்சுலின் சினைப்பையை மேலும் ஆண்ட்ரோஜன் சுரக்க வைக்கிறது.

மாத்திரை இந்த அழுத்தத்தைக் கூட்டுமா, குறைக்குமா? ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. ஆண்ட்ரோஜன் குறைவது நல்லதுதான். ஆனால் வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் செம்பின் அளவையும், அழற்சியைக் காட்டும் சிஆர்பியையும் உயர்த்துகிறது. ஆகவே மாதவிடாய் சரியாக வருகிறது என்பதால் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கரைப் பரிசோதனை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடையும், எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 சதவீத எடைக் குறைப்பும் அந்த மிச்சப் பகுதிக்கான மருந்து. ஆன்டி ஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல்களை நாமாக வாங்கிக் கொடுப்பதில் நமக்கு உடன்பாடில்லை.

ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஆண்டுக்கு 10,000 பெண்களில், மாத்திரை எடுக்காதவர்களில் சுமார் 2 பேருக்கும் எடுப்பவர்களில் 5 முதல் 12 பேருக்கும் இது வரலாம். குடும்பத்தில் யாருக்கேனும் ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, மகளுக்குக் கண்முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலியோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தாலோ, வெட்கப்படாமல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சைப்ரோட்டிரோனும் 35 மைக்ரோ கிராம் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த மாத்திரையை முதல் தேர்வாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி. அதுதான் எழுதப்பட்டிருந்தால் காரணம் கேட்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பகலில் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, நோன்பு திறந்த பிறகோ ஸஹரிலோ எடுக்கும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். மெட்ஃபார்மினும் எடுப்பவர்கள் அதன் அளவையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.