சாலையும் பொது இடம்தான்!

பொது இடம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது, குட்டீஸ்? பூங்கா, நூலகம், பஸ் நிலையம்... சரிதான். ஆனால் எல்லோரும் தினமும் பயன்படுத்தும் ஓர் இடத்தை விட்டுவிட்டீர்களே! அதுதான் சாலை. கட்டடத்தைப் போலவே சாலையையும் யோசித்து, கணக்குப் போட்டு அமைக்க வேண்டும். அது எவ்வளவு முக்கியம் என்பதைத் தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாயில் தெரிந்துகொள்ளலாம்.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வந்தால் மலையிறக்கம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் இறங்கியிருக்கிறேன். சுற்றிலும் மலை, பார்க்க அழகுதான். ஆனால் முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கருகல் வாடை வந்துகொண்டே இருந்தது. பிரேக் சூடாகும் வாடை!

இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையைப் பிரேக் மட்டும் செய்தால், அது சூடாகிச் சூடாகி ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு! அதனால்தான், 'எந்த கியரில் ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு' என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அப்போது என்ஜினும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறங்கினால் அந்த உதவி போய்விடும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கே லாரிகள் மோதி, ஒவ்வொரு விபத்திலும் நான்கு பேர் இறந்தார்கள்.

தப்பு டிரைவருடையதுதானே என்கிறீர்களா? பாதி சரி. ஆனால் மனிதர்கள் களைத்துப் போவார்கள், தவறும் செய்வார்கள். அதையும் எதிர்பார்த்துக் கட்டுவதுதான் நல்ல வடிவமைப்பு. அமெரிக்காவின் மலைச் சாலைகளில், பிரேக் பிடிக்காத லாரி ஒதுங்குவதற்கென்றே ஒரு கிளைப்பாதை வைத்திருக்கிறார்கள். மேல்நோக்கி ஏறும் பாதை, அல்லது கூழாங்கல் கொட்டிய படுகை. சக்கரம் கல்லில் புதைந்து லாரி தானாக நின்றுவிடும்.

இந்த அக்கறை நமக்குப் புதிதல்ல. நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறீர்களா? நட்ட இரண்டு கற்கள், மேலே படுத்த ஒரு கல். அவ்வளவுதான்! தலையில் மூட்டையோடு தனியாக நடந்து போகிறவர், அதைத் தரையில் இறக்கி வைத்தால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டுமே? அதனால் கல்லை ஏறக்குறைய தோள் உயரத்தில் வைத்தார்கள். குனியாமல் சரித்து இறக்கலாம், யார் உதவியும் இல்லாமல் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்திலேயே இறந்துபோன பெண்களின் நினைவாக இதை நடும் வழக்கம் இருந்தது. அவளுடைய சுமையை நினைத்து, ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனின் சுமையை இறக்கி வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த 'கட்டடம்' இதுதான்!

தொப்பூருக்கும் மாற்றம் தேவை என்று 2024-இல் உயர்மட்டச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சரிவைக் குறைப்பது, வளைவை அகலமாக்குவது என்று பொறியாளர்களுக்கு இங்கே நிறையவே கணக்கு இருக்கிறது.

ஒரு கணக்கை நீங்களே சோதிக்கலாம். நல்ல வளைவில் சாலையின் வெளிவிளிம்பு சற்று உயர்ந்திருக்கும். வண்டி வெளியே தள்ளப்படாமல் இருக்கத்தான் அது. அடுத்த முறை மலைப்பாதையில் பஸ் திரும்பும்போது, பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை நேராகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வெளிப்பக்கம் அதிகம் ஏறாமல் இருந்தால், சாலையின் சாய்வும் பஸ்ஸின் வேகமும் ஒத்துப்போகின்றன. ஒரேயடியாக ஏறினால்? அந்த வளைவுக்கு பஸ்ஸின் வேகம் அதிகம்! மூடியை இறுக்கி மூடிவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து சீட் மாமா கோபித்துக்கொள்வார்.