ஒன்பது பெண்மணிகளின் விரல்கள்

காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. பால் பாத்திரத்தை இறக்கக்கூட முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கை நம் சொல்லைக் கேட்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முடக்குவாதம் என்னும் இந்தப் பொல்லாத வியாதி, ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பெண்களைத்தான் தேடி வருகிறது. ஏனோ இந்தப் பாரபட்சம்!

உடம்பைக் காக்க வேண்டிய காவற்படையே புத்தி தடுமாறி மூட்டுகளைத் தாக்குகிறது. மூட்டின் உட்சவ்வு வீங்கி, 'இன்டர்லூகின்-1' என்ற பொருளைச் சுரக்கிறது. எலும்போடு எலும்பு உராயாமல் காக்கும் குருத்தெலும்பை அரித்துவிடும் சூத்திரதாரிகளில் அது ஒன்று. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. ஆகையால் போனது போனதுதான்.

இந்த இன்டர்லூகினுக்கு ஓர் எதிரியையும் நம் உடம்பே உண்டாக்குகிறது. திருடன் சாவி போடும் துவாரத்தில் முன்கூட்டியே வேறொரு சாவியைச் செருகி வைப்பது போல அது வழியை அடைத்துவிடும். நோயுற்ற மூட்டில் அது போதுமான அளவு இல்லை, அதுதான் தொல்லை. அதையே மருந்தாக்கி அமெரிக்காவில் 2001-ல் அங்கீகரித்தார்கள். ஆனால் சில மணி நேரத்தில் உடம்பை விட்டு மறைந்துவிடுவதால் தினந்தோறும் ஊசி!

பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டோபர் எவன்ஸும் பால் ராபின்ஸும் அதற்கு முன்பே வேறு விதமாக யோசித்தார்கள். மூட்டே தனக்கு வேண்டிய மருந்தைத் தயாரித்துக் கொண்டால் என்ன? நோயாளியின் மூட்டுச் சவ்விலிருந்து சில உயிரணுக்களை எடுத்து வளர்த்து, பல் பிடுங்கிய வைரஸ் ஒன்றின் முதுகில் ஏற்றி அந்த எதிரியின் ஜீனை அவற்றுக்குள் அனுப்பி, திரும்பவும் மூட்டுக்குள்ளேயே செலுத்துவது.

1996-ல் இந்தச் சோதனைக்கு முன்வந்தவர்கள் ஒன்பது பெண்மணிகள். எல்லோரும் குழந்தை பெறும் வயதைக் கடந்தவர்கள். புகுத்திய ஜீன் தப்பித் தவறிச் சந்ததிக்குப் போய்விடக் கூடாதே என்ற ஜாக்கிரதை! அவர்கள் கை விரல்களின் அடி மூட்டுகளை அகற்றிவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நான்கு மூட்டுகளில் இரண்டுக்கு ஜீன் ஏற்றிய அணுக்கள், இரண்டுக்கு வெறும் அணுக்கள். ஒரு வாரம் கழித்து நான்கையும் வெட்டியெடுத்துப் பார்ப்பது.

'போகப் போகிற மூட்டுக்கு மருந்து எதற்கு?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவர்களுக்கு இதனால் எள்ளளவும் பயன் இல்லை. அது தெரிந்துதான் கையை நீட்டினார்கள்.

2005-ல் முடிவு வெளியாயிற்று. ஜீன் ஏற்றிய மூட்டுகளில் அது வேலை செய்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. பிறகு ஜெர்மனியில் இருவருக்குச் செய்து பார்த்ததில் ஒருவருக்கு வலியும் வீக்கமும் மளமளவென்று குறைந்தன.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். ஆனால் 2007-ல் அமெரிக்காவில், வேறொரு ஜீன் சோதனையில் பங்குகொண்ட 36 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். காளான் கிருமி ஒன்று உடலெங்கும் பரவியிருந்தது. ஜீன் சிகிச்சை காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றே விசாரித்தவர்கள் கருதினார்கள். என்றாலும் பயம் பயம்தானே? இதற்குள் வேறு நல்ல ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. முடக்குவாதத்துக்கான ஜீன் சிகிச்சை இன்னும் சோதனைச்சாலையை விட்டு வெளியே வரவில்லை.

அந்த ஒன்பது பேரின் மூட்டுகள் பரிசோதனைக்குப் போயின. அவர்கள் சிலிகான் மூட்டுகளோடு வீடு திரும்பினார்கள்.