அரைப் பென்னிப் பாலம்

போன வாரம் சமூக அறிவியல் டீச்சர் கம்ப்யூட்டர் ரூமில் ஸ்காட்லாந்துப் படங்கள் காட்டினாங்க. ஊர் பெயர் டன்கெல்ட். சின்ன ஊர். ஸ்காட்லாந்திலேயே நீளமான டே ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. படங்கள் வரிசையாக வந்ததால் நாமே தெருத்தெருவாக நடந்து போகிற மாதிரி இருந்தது.

முதலில் கதீட்ரல் என்கிற பெரிய தேவாலயம். ஒரு பாதிக்குக் கூரையே கிடையாது. இன்னொரு பாதியில் இப்பவும் ஜெபம் நடக்கிறது. 1689-ல் நடந்த சண்டையில் ஊரே எரிந்து, மூணு வீடுதான் மிஞ்சியதாம். பக்கத்துத் தெருவில் வரிசையாக நிற்கிற குட்டி வீடுகள் அதற்கப்புறம் கட்டியவை.

கடைவீதி நடுவில் ஒரு கல் நீரூற்று. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த அத்தால் பிரபு நினைவாக 1866-ல் ஜனங்களே பணம் போட்டுக் கட்டியது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்தது பாலம். தாமஸ் டெல்ஃபோர்டு என்ற பொறியாளர் போட்ட கல் பாலம், 1809-ல் முடிந்தது. அதுக்கு முன்னாடி ஆற்றைத் தாண்டப் படகுதான். செலவில் ஒரு பங்கை அரசாங்கம் தந்தது. மீதி அன்றைய அத்தால் பிரபுவின் பணம். அதைத் திரும்ப எடுக்கப் பாலத்தில் கேட் போட்டுச் சுங்கம் வாங்கினார்கள். நடந்து போறவங்களுக்கு அரைப் பென்னி.

“அரைப் பென்னிக்கா சண்டை?” என்று வகுப்பில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான். வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது 12 பென்னி ஒரு ஷில்லிங். தினம் ஒரு தடவை அரைப் பென்னி கொடுத்தால் வருஷத்துக்கு 15 ஷில்லிங்குக்கு மேலே. வீட்டில் நாலு பேர் இருந்தால்? 1856-ல் ரயில் வந்தது, ஆனால் ஸ்டேஷன் அக்கரையில், பிர்னம் என்ற ஊரில். ரயில் ஏறணும்னாலும் காசு கொடுத்துத்தான் பாலம் தாண்டணும்.

போட்ட பணம் எப்பவோ வந்திருக்கும், கணக்கைக் காட்டுங்க என்று ஜனங்கள் கேட்டார்கள். கடன் இன்னும் தீரவில்லை என்றது பிரபு தரப்பு. 1868-ல் ஜனங்கள் கேட்டைப் பிடுங்கி ஆற்றில் போட்டுவிட்டார்கள்! பட்டாளமே வந்தது. அப்படியும் சுங்கம் நின்றது 1879-ல்தான்.

நீரூற்று கட்டி அப்போது இரண்டே வருஷம். அது யார் நினைவாகவோ, அவர் மகன்தான் அந்த நேரத்தில் பிரபு. அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டு மகனிடம் சண்டையா என்று என் பக்கத்தில் இருப்பவள் கேட்டாள். தண்ணீர் வேறு, கணக்கு வேறு என்று சொன்னேன். அவள் ஒத்துக்கவில்லை.

கடைசிப் படம் அக்கரையில் பிர்னம் ஓக் மரம். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் வருகிற காட்டில் மிஞ்சிய மரம் என்கிறார்கள். ரொம்ப வயசானதால் கிளைகளுக்கு முட்டுக்கொம்பு கொடுத்திருக்காங்க, பாவம்.

படம் பார்க்க ஆசைப்படுறவங்க மதியம் சாப்பாட்டு மணி அடிச்சதும் டீச்சரைக் கேளுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி