வீட்டுக் கணக்கு வேற, சைட் கணக்கு வேற... கட்டட கான்ட்ராக்டர்களே, ஒரு நிமிஷம்!

சனிக்கிழமை சாயங்காலம். காரைக்காலிலிருந்து நாகூர் போகும் வழியில் இருக்கிற போலகத்தில் ஒரு வீட்டு சைட். சென்டரிங் வேலை முடிந்து, கொத்தனாரும் சித்தாளும் கை கால் கழுவிக்கொண்டு வாரக்கூலிக்காக நிற்கிறார்கள். கான்ட்ராக்டர் போனை எடுத்து ஜிபேயில் ஒவ்வொருவருக்கும் தட்டுகிறார். அதே போனில், அதே கணக்கிலிருந்து காலையில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் போயிருக்கிறது. மதியம் கேஸ் சிலிண்டர். நேற்று இன்னொரு சைட்டின் வீட்டுக்காரர் கம்பி வாங்கச் சொல்லி அனுப்பிய இரண்டு லட்சமும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

இவர் ஒரு கற்பனை மனிதர். ஆனால் படிக்கும்போது உங்களுக்கு சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ ஞாபகம் வந்தால் ஆச்சர்யமில்லை. கட்டட வேலை, வெல்டிங், எலெக்ட்ரிக்கல், பெயின்டிங் என்று கான்ட்ராக்ட் எடுக்கிற பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். போலகத்தில் பிப்டிக் தொழில் வளாகம், பக்கத்தில் திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர் பக்கம் துறைமுகம். சின்னச் சின்ன சப்-கான்ட்ராக்ட் வேலைக்குக் குறைவில்லாத பகுதி இது.

'என் பணம், என் கணக்கு, இதில் என்ன பிரச்னை?' என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அந்தக் கணக்கில் கிடக்கும் பணம் முழுக்க உங்கள் பணம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் கற்பனை கான்ட்ராக்டரின் சேமிப்புக் கணக்கில் ஒரு வருஷத்தில் 31 லட்சம் ரூபாய் வரவு என்று வைத்துக்கொள்வோம். அதில் லேபர் கான்ட்ராக்டுக்காக வாங்கியது 16 லட்சம். சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் வாங்கித் தரச் சொல்லி வீட்டுக்காரர்கள் அனுப்பியது 9 லட்சம். நகைக்கடன் 3 லட்சம். பிரான்ஸில் இருக்கும் அக்கா அம்மாவின் வைத்தியத்துக்கு அனுப்பியது 2 லட்சம். சீட்டு எடுத்தது 1 லட்சம்.

இந்தப் பிரிவினை அவர் மனதில் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இல்லை. அங்கே எல்லாம் ஒரே வரிசையில், ஒரே 'கிரெடிட்' பத்தியில் நிற்கிறது. அதைப் பார்க்கிற அதிகாரிக்குத் தெரிவது 31 லட்சம் மட்டும்தான். 'இதில் 15 லட்சம் என் தொழில் வருமானமே இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய வேலை கான்ட்ராக்டர் தலையில். அதுவும் இரண்டு மூன்று வருஷம் கழித்து, எந்தப் பணம் யார் அனுப்பியது என்பதே மறந்துபோன பிறகு.

வருமான வரியைவிட இங்கே ஜி.எஸ்.டி-தான் பெரிய தலைவலி. தனி வீடு ஒன்றைக் கட்டுவதற்கு வெறும் ஆள் கூலி மட்டும் வாங்கிச் செய்கிற லேபர் கான்ட்ராக்டுக்கு ஜி.எஸ்.டி கிடையாது, சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. அதே வீட்டைப் பொருளோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்தால் அது 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்', 18 சதவிகித வரி. வரி போடக்கூடிய இப்படிப்பட்ட சேவைத் தொழில் செய்பவர்கள், வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

இப்போது நம் ஆளைப் பாருங்கள். அவர் செய்வது லேபர் கான்ட்ராக்ட். ஆனால் சிமென்ட் பணமும் அவர் கணக்குக்கே வந்து, கடைக்காரருக்கு அவர் கணக்கிலிருந்தே போகிறது. கடை பில்லும் அவர் பெயரில். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பொருளோடு சேர்த்துக் கட்டுகிற ஒர்க்ஸ் கான்ட்ராக்டாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? 31 லட்சமும் தொழில் வரவு என்று எடுத்துக்கொண்டு, 20 லட்சத்துக்கு மேல் உள்ள 11 லட்சத்துக்கு மட்டும் 18 சதவிகிதம் போட்டாலே 1,98,000 ரூபாய். வட்டி, அபராதம் தனி.

இதற்குத் தீர்வு ஆடிட்டர் ஆபீஸில் இல்லை, சைட்டிலேயே இருக்கிறது. பொருளுக்கான பணத்தை வீட்டுக்காரரே நேராகக் கடைக்கு அனுப்பட்டும். பில்லும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். 'நீங்களே வாங்கிடுங்க, உங்க மேல நம்பிக்கை இருக்கு' என்று அவர் சொன்னாலும், மெதுவாகத் தள்ளிவிடுவதுதான் உங்களுக்கு நல்லது.

காரைக்கால்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல். போலகம் புதுச்சேரி யூனியன் பிரதேசம், ஜி.எஸ்.டி எண் 34-ல் தொடங்கும். கொஞ்ச தூரத்தில் இருக்கிற நாகூர் தமிழ்நாடு, அங்கே 33. ஜி.எஸ்.டி பதிவு செய்த போலகம் கான்ட்ராக்டர் நாகூரில் ஒரு வீடு கட்டினால், சட்டப்படி அது வெளிமாநில வேலை, ஐ.ஜி.எஸ்.டி போட்டு பில் கொடுக்க வேண்டும். பைக்கில் டீ குடிக்கப் போகிற தூரம்தான், கணக்கில் வேறு மாநிலம். எந்தப் பணம் எந்த சைட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் இதைப் பிரிக்கவே முடியாது.

பெங்களூரில் நடந்தது

இதெல்லாம் சும்மா பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு, 2025 ஜூலையில் கர்நாடகாவில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். 2021-22 முதல் நான்கு நிதியாண்டுகளின் யு.பி.ஐ வரவுகளைப் பார்த்து, அந்த மாநில வணிக வரித்துறை ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்கும் ஒருவருக்கு 1.63 கோடி ரூபாய் வரவுக்காக 29 லட்சம் கட்டச் சொல்லி வந்தது. பெங்களூருக் கடைகளில் 'நோ யு.பி.ஐ, கேஷ் மட்டும்' என்று அட்டை தொங்கியது. கடனாக வாங்கியதும், சொந்தக்காரர்கள் அனுப்பியதும் வியாபாரமாகக் கணக்கில் ஏறிவிட்டது என்பது அங்கே பலரும் சொன்ன புகார். கடைசியில் முதல்வர் சித்தராமையா தலையிட்டு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், இனி பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அறிவித்தார். எல்லா ஊரிலும் அப்படி ஒரு அறிவிப்பு வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அட்டை தொங்கவிடுவது தீர்வும் இல்லை. ரொக்கத்தில் மட்டும் தொழில் செய்கிறவருக்கு நாளைக்கு ஒரு மிக்ஸர் மெஷின் வாங்க பேங்க் லோன் கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கும்?

105 ரூபாய்க்காக ஒரு கணக்கு

வரியை விடுங்கள். இன்னொரு ஆபத்து இப்போது சகஜமாகிவிட்டது. சைபர் மோசடியில் திருடிய பணம் பல கணக்குகளுக்குக் கைமாறும். அதில் ஒரு துளி உங்கள் கணக்குக்கு வந்தாலும், 1930-க்குப் போன புகாரின் பேரில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். டெல்லியில் சோலே பட்டூரே விற்கும் ஒரு தள்ளுவண்டிக்காரருக்கு அப்படித்தான் ஆனது. அவர் கணக்குக்கு வந்த சந்தேகப் பணம் 105 ரூபாய். முடங்கியதோ ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த மொத்தக் கணக்கு. 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான், 105 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியைத் திறந்துவிட உத்தரவு வாங்க முடிந்தது.

அந்த இடத்தில் நம் கான்ட்ராக்டரை வைத்துப் பாருங்கள். யாரென்றே தெரியாத நாலு பேர் சைட்டில் க்யூ.ஆர் ஸ்கேன் செய்கிறார்கள். கணக்கு முடங்கினால் சனிக்கிழமைக் கூலி நிற்கும், அதோடு வீட்டில் அரிசியும் மருந்தும் நிற்கும். தொழில் கணக்கு தனியாக இருந்தால் அடி ஒரு பக்கத்தோடு நிற்க வாய்ப்பு உண்டு.

சொந்தப் பணத்தையும் கம்பெனிப் பணத்தையும் கலந்து கெட்டவர்களில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. புதுச்சேரி கடற்கரையில் சிலையாக நிற்கும் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது 1739-ல். டூப்ளே கவர்னரானது 1742-ல். கம்பெனியின் போர்களுக்குச் சொந்தப் பணத்தைப் போட்டேன் என்றார். 1754-ல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்ட கம்பெனி, அந்தப் பணத்தைத் தர மறுத்தது. வழக்கு மேல் வழக்குப் போட்டும் கிடைக்கவில்லை. 1763-ல் பாரிஸில் வறுமையில் இறந்தார். கவர்னருக்கே அந்தக் கதி!

சரி, என்ன செய்வது?

தொழில் பெயரில் ஒரு கரன்ட் அக்கவுன்ட். நிறுவனங்களின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி விதி அனுமதிப்பதில்லை, அதனால் கரன்ட் அக்கவுன்ட்தான் வழி. தொழில் நடக்கிறது என்பதற்கு வங்கி ஆவணம் கேட்கும். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசு இணையதளத்தில் 'உத்யம்' பதிவை நீங்களே செய்யலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. காசு கேட்கும் போலித் தளங்களில் சிக்க வேண்டாம். கரன்ட் அக்கவுன்ட்டில் வட்டி வராது, பல வங்கிகள் குறைந்தபட்ச இருப்பும் கேட்கும். இரண்டு மூன்று வங்கிகளில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கணக்கு தொடங்கிவிட்டு பழையபடி இருப்பவர்களும் உண்டு. காரணம் போன் நம்பர். வீட்டுக்காரர் உங்கள் நம்பருக்கு அனுப்பினால், ஆப்பில் எது முதன்மைக் கணக்கோ அங்கேதான் பணம் போகும். தொழிலுக்கு வேறு சிம், வேறு க்யூ.ஆர் என்று வைத்துக்கொள்வதுதான் சுலபம்.

பிறகு உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தேதி, ஒரு தொகை, தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு. ஸ்கூல் ஃபீஸும் சிலிண்டரும் அதிலிருந்துதான். அவசரத்துக்கு வீட்டுப் பணத்தைத் தொழிலில் போட்டாலும் பரவாயில்லை, கணக்கு மாற்றித்தான் போட வேண்டும், குறிப்பில் 'சொந்தப் பணம்' என்று எழுதி. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே சட்டப்படி கம்பெனி வேறு ஆள், நீங்கள் வேறு ஆள். கம்பெனிப் பணத்தை இஷ்டத்துக்கு எடுத்தால் அதற்கே தனியாக வரி விழலாம்.

வங்கிக்குப் போகும்போது இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். தனிநபர் நடத்தும் தொழிலின் கரன்ட் அக்கவுன்ட்டுக்கும் நாமினி போடலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகச் சேர்க்க முடியும். இரண்டு கணக்குக்கும் படிவத்தை நிரப்புங்கள். எந்தக் கணக்கில் எந்த வீட்டுக்காரரின் அட்வான்ஸ் எவ்வளவு இருக்கிறது என்பதையும் வீட்டம்மாவிடம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.