கையும் ஒரு வாத்தியம்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று வாத்தியங்களை வகுத்த நம் முன்னோர், மிடற்றுக்கருவி என்று ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தனர். மிடறு என்பது தொண்டை. மரத்தாலும் தோலாலும் செய்தவற்றோடு மனித உடம்பின் ஓர் உறுப்பையும் சரிசமமாக இருத்திய அந்தத் துணிவு வியப்புக்குரியது. தொண்டை கருவியாகுமென்றால் கை ஏன் ஆகக்கூடாது?

நேயர்களுக்குச் சிரிப்பு வரலாம். உள்ளங்கைகளுக்கிடையே காற்றை அடைத்துப் பிழிந்து சத்தம் எழுப்பும் வித்தையைப் பற்றியே பேச வந்தேன். நான் படித்த காலத்தில், வகுப்பில் அந்தச் சத்தம் எழுப்பியவன் வாங்கின்மேல் ஏறி நிற்க வேண்டும். அபானவாயுவை நினைவூட்டுகிறது என்பதே அந்த ஒலியின் குற்றம்.

அதே ஒலியை அமெரிக்கர் சிலர் இசையாக்கினர். மிச்சிகன் மாநிலத்தவரான செசில் டில், 1933ஆம் ஆண்டு செய்திப்படமொன்றில் தம் கைகளால் ‘யாங்கி டூடில்’ மெட்டை வாசித்தார். சிக்காகோவைச் சேர்ந்த சட்டத்தரணி ஜோன் டூமி, 1974இல் ஜோனி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, ஜோன் பிலிப் சூசா 1896இல் இயற்றிய ‘த ஸ்டார்ஸ் அன்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபொரெவர்’ என்ற அணிவகுப்பு இசையை வாசித்தார்.

இதன் நுட்பம் எளியது, பழக்கம் கடினம். ஒரு கையின் மேல் மறு கையைக் குறுக்காகப் பொருத்தி, விரல்களால் இறுகப் பற்ற வேண்டும். நடுவில் சிறு குழிவு இருக்கும். அதனை அமுக்கும்போது, உள்ளே சிறைப்பட்ட காற்று தோல் மடிப்புகளின் இடுக்கால் வெளியேறும். அப்போது அந்த மடிப்புகள் நாதஸ்வரத்தின் சீவாளிபோல அதிர்கின்றன. கை வரண்டிருந்தால் காற்று ஒலியின்றிக் கசிந்துவிடும். இலேசான ஈரம் வேண்டும். பிடியை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும்.

நானும் சில மாதங்கள் பழகினேன். முதலில் ஒரே ஒலியை மாறாமல் எழுப்பப் பழக வேண்டும். பின்னர் சட்ஜம், பஞ்சமம், மேல்சட்ஜம் ஆகிய மூன்றையும் பிடிக்க வேண்டும். இங்கே புல்லாங்குழலின் துளையும் இல்லை, வீணையின் மெட்டும் இல்லை. சுரத்தின் இடத்தைக் காட்டித்தர எதுவும் இல்லாதபடியால், எழுப்பப்போகும் சுரம் மனதில் முன்கூட்டியே ஒலித்தாக வேண்டும். வாய்ப்பாட்டுக்காரனுக்கு விதிக்கப்பட்ட அதே நியதிதான். கைக்குள் அடங்குவது ஒரு சிறங்கைக் காற்று மாத்திரமே. ஆகவே நீண்ட கார்வை கொடுக்க இயலாது. ஒவ்வோர் அமுக்கலுக்கும் பிறகு கையைத் திறந்து காற்றை உள்ளெடுக்க வேண்டும். குறுஞ்சுரங்கள் அடுக்கிவரும் அணிவகுப்பு மெட்டு இதற்குப் பொருந்துவது அதனாலேயே.

டூமியின் அந்த வாசிப்பை ஒளிப்பதிவில் பல தடவை பார்த்திருக்கிறேன். சபை சிரிக்கிறது. ஆனால் அந்த மெட்டு இன்னதென்று அடையாளம் காண முடிகிறதே! சுரம் பிசகியிருந்தால் அது வெறும் கோமாளித்தனமாகவே முடிந்திருக்கும். ஒலி கேலிக்குரியதாக இருக்கலாம். அதனைச் சுருதிக்குள் நிறுத்தும் உழைப்பு கேலிக்குரியதன்று.

இசையின் உயர்வு தாழ்வைக் கருவியின் குலத்தை வைத்து அளப்பது நமக்குப் பழகிப்போனது. பறைக்கு ஓர் இடம், வீணைக்கு வேறோர் இடம் என்று நாம் வகுத்ததெல்லாம் காது சொன்ன தீர்ப்பல்ல. வாங்கின்மேல் நிறுத்தப்பட்ட அந்த மாணவனிடம், “எங்கே, அதிலே ஒரு சரிகம வாசி பார்ப்போம்” என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.