'வெளிநாட்டு லாபம்' எந்த ஊரில் இருக்கிறது?

சில வருஷங்களுக்கு முன் ஒரு கூட்டத்திற்காகத் துண்டறிக்கை எழுதினேன். 'பன்னாட்டுக் கம்பெனிகள் லாபத்தை வெளிநாடுகளில் பதுக்கி வரி ஏய்க்கின்றன' என்பது முதல் வரி. அச்சுக்குப் போகுமுன் ஆடிட்டரான நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "பதுக்குறான்னு எழுதியிருக்கீங்களே தோழர், எங்க பதுக்குறான்? ஊர் பேரச் சொல்லுங்க" என்றார். எங்கோ படித்த தீவுகளின் பெயர்களைச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு உறுத்தியது. பிறகு படிக்கப் படிக்க, 'வெளிநாடு', 'பதுக்கல்', 'ஏய்ப்பு' என்ற மூன்று சொற்களுமே தவறாக விழுந்திருப்பது தெரிந்தது.

ஒரு கம்பெனியின் லாபத்தின் மீது அரசு இரண்டு விதமாக உரிமை கோரலாம். ஒன்று, 'லாபம் என் மண்ணில் விளைந்தது.' மற்றது, 'கம்பெனி என் குடி. எங்கே சம்பாதித்தாலும் எனக்குப் பங்கு உண்டு.' இரண்டு அரசுகள் ஒரே லாபத்தின் மேல் கை வைத்தால் என்ன செய்வது? முதல் உலகப் போருக்குப் பின் உருவான சர்வதேச சங்கம் இதை நான்கு பொருளாதார அறிஞர்களிடம் விட்டது. அவர்களுடைய அறிக்கை 1923இல் வந்தது. 1928இல் மாதிரி ஒப்பந்தங்கள் தயாராயின. இன்றைய வரி ஒப்பந்தங்களுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரே லாபத்திற்கு இரண்டு வரி விழக்கூடாதே என்பதுதான் அவர்களின் முதன்மையான கவலை. இரண்டு அரசுகளும் கைவிட்டால் என்ன ஆகும் என்பது அந்த அளவுக்கு யாரையும் உறுத்தவில்லை. இதில் மூலதனத்தை ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கை ஓங்கியே இருந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கா 'என் குடி' என்ற கட்சி. 2017 வரை, அமெரிக்கக் கம்பெனி உலகில் எங்கே சம்பாதித்தாலும் 35 சதவீதம் வரி. ஏட்டளவில்தான். வெளிநாட்டில் பதிவான துணைக் கம்பெனி சட்டத்தின் கண்ணில் வேறு ஆள். அதன் லாபம் டிவிடெண்டாகத் தாய்க் கம்பெனிக்கு வந்தால்தான் வரி, வராதவரை ஒத்திவைப்பு. கென்னடி 1961இல் இதைப் பெருமளவு ஒழிக்கப் பார்த்தார். 1962இல் காங்கிரஸ் கொடுத்தது, சிலவகை வருமானங்களுக்கு மட்டுமான ஒரு கட்டுப்பாட்டை. 1997இல் நடைமுறைக்கு வந்த விதியொன்று அதையும் ஓட்டையாக்கியது. துணைக் கம்பெனி 'தனி ஆளா, தாயின் அங்கமா' என்பதை ஒரு படிவத்தில் டிக் அடித்துத் தேர்ந்துகொள்ளலாமாம்! தன்னிலை என்பது கட்டமைக்கப்படுவது என்று நாம் இங்கே பக்கம் பக்கமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க வரித்துறை அதற்குப் படிவமே அச்சடித்துவிட்டது.

இனி ஆப்பிள். 'ஆப்பிள் ஆபரேஷன்ஸ் இண்டர்நேஷனல்' என்ற துணைக் கம்பெனி 1980இல் அயர்லாந்தில் பதிவானது. ஒரு கம்பெனி யாருடைய குடி என்பதற்கு அமெரிக்கச் சட்டம் பதிவான இடத்தைப் பார்க்கும். அப்போதைய ஐரிஷ் சட்டமோ இத்தகைய கம்பெனிகளுக்கு நிர்வாகம் எங்கிருந்து நடக்கிறது என்று பார்த்தது. பதிவு அயர்லாந்தில், நிர்வாகம் கலிஃபோர்னியாவில். ஆக அமெரிக்காவுக்கு அது ஐரிஷ்காரன். அயர்லாந்துக்கு அது அசலூர்க்காரன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டுக்காரன் என்றும் பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்றும் சொல்லி மொய் எழுதாமல் நழுவுகிறவரைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. 2009 முதல் 2012 வரை அதன் வருமானம் 3,000 கோடி டாலர். எந்த நாட்டுக்கும் வருமான வரி கட்டவில்லை. அமெரிக்க செனட்டின் துணைக்குழு 2013 மே மாதம் இதை வெளியே கொண்டுவந்தது. சட்டமீறல் என்று யாரும் வழக்குப் போடவில்லை. போடவும் முடியாது.

சரி, பணம் எங்கே இருந்தது? நியூயார்க் வங்கிக் கணக்குகளில். அதை நிர்வகித்தது நெவாடா மாநிலத்தில் இருக்கும் இன்னொரு ஆப்பிள் துணைக் கம்பெனி. நண்பர் சிரித்தது இதற்குத்தான். 'வெளிநாடு' என்பது கணக்கேட்டில் ஒரு பத்தி. நியூயார்க்கிலேயே இருந்த பணத்தை அமெரிக்காவுக்குள் 'கொண்டுவந்தால்' வரி என்பதால், 2013 ஏப்ரலில் பங்குதாரர்களுக்குக் கொடுப்பதற்காக ஆப்பிள் 1,700 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டது. அப்போது அதன் 'வெளிநாட்டு'க் கையிருப்பு 10,000 கோடி டாலருக்கு மேல்.

பன்னாட்டு மூலதனம் வந்து அரசுகளைப் பலவீனமாக்கிவிட்டது என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அயர்லாந்தை வைத்துப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையம், ஆப்பிளிடம் 1,300 கோடி யூரோ வரை பாக்கி வசூலியுங்கள் என்றது. ஆணையத்தின் கணக்குப்படி அதன் மற்றொரு ஐரிஷ் துணைக் கம்பெனி 2014இல் கட்டிய வரி, பத்து லட்சம் யூரோ லாபத்திற்கு 50 யூரோ. அயர்லாந்து அரசு என்ன செய்தது? எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனது. 2010இல் ஐ.எம்.எஃப்.பிடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் கடன் வாங்கி, சமூகநலச் செலவை வெட்டிய அதே நாடு. 2020இல் ஜெயித்தது, 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றது, அதாவது பணத்தை வாங்கிக்கொள்ளும்படி ஆயிற்று. இதைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது? வரி கேட்காமல் இருப்பதற்காக எட்டு வருஷம் வழக்காடுகிற அரசு பலமான அரசுதான்.

அமெரிக்கா 2017இல் சட்டத்தை மாற்றியது. விகிதம் 21 ஆனது. அதுவரை ஒத்திவைத்த லாபத்தில் ரொக்கத்திற்கு ஒருமுறை 15.5 சதவீதம், மற்றதற்கு 8. காத்திருந்தவனுக்குப் பாதிக்கும் மேல் தள்ளுபடி. 2021இல் 130க்கு மேற்பட்ட நாடுகள் 15 சதவீதக் குறைந்தபட்ச வரிக்கு ஒப்புக்கொண்டன. 2025 ஜூனில் அமெரிக்கத் தாய்க் கம்பெனிகளை அதன் முக்கிய விதிகளிலிருந்து விலக்கிவைக்க ஜி-7 நாடுகள் சம்மதித்தன.

விதியை எந்த அறையில் உட்கார்ந்து எழுதுவது என்பதிலேயே இப்போது சண்டை. பணக்கார நாடுகளின் மன்றத்திலிருந்து ஐ.நா.வுக்கு அதை நகர்த்த ஆப்பிரிக்க நாடுகள் கொண்டுவந்த தீர்மானம் 2023 நவம்பரில் 125க்கு 48 என்று வென்றது. இந்தியா ஆதரித்தது, அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் எதிர்த்தன. பேச்சுவார்த்தை 2025இல் தொடங்கியதுமே அமெரிக்கா வெளிநடப்புச் செய்தது. நமது கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

துண்டறிக்கையின் முதல் வரியை இப்படி மாற்றினேன்: 'பன்னாட்டுக் கம்பெனிகளின் லாபம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதபடி அரசுகளே சட்டம் எழுதிவைத்திருக்கின்றன.' நண்பர் படித்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு. ஆனா பஸ் ஸ்டாண்டுல நின்னு கொடுத்தா எவன் தோழர் படிப்பான்?" என்றார்.