சிலிண்டருக்கும் குளிரும்!

பனிக் காட்டில் ஒரு வண்டி வீடு

வீட்டுக்குச் சக்கரம் இருந்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்படிப்பட்ட வீடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. பார்ப்பதற்கு பஸ் மாதிரி இருக்கும். உள்ளே போனால் கட்டில், சமையல் அறை, குளியல் அறை எல்லாம் உண்டு. சுருக்கமாக "ஆர்.வி." என்று சொல்கிறார்கள். சில வண்டிகளுக்கு என்ஜின் உண்டு. சிலவற்றைக் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகவேண்டும்.

கோடை விடுமுறையில் ஊர் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை இவை. ஆனால், எலும்பை உருக்கும் குளிரிலும் இவற்றில் குடித்தனம் நடத்துகிறவர்கள் உண்டு.

வேலை உண்டு; வீடு இல்லை!

கனடா எல்லையை ஒட்டி இருப்பது வட டக்கோட்டா மாநிலம். அங்கே வில்லிஸ்டன் என்று ஓர் ஊர். 2010-ம் ஆண்டில் அதன் ஜனத்தொகை 15 ஆயிரத்துக்கும் குறைவு.

அந்தப் பக்கத்தில் பெட்ரோலிய எண்ணெய் எடுக்கும் வேலை மும்முரமாக நடந்தது. பல மாநிலங்களில் இருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். 2020-ல் ஜனத்தொகை 29 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

வேலை கிடைத்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை! கிடைத்த வீட்டுக்கும் வாடகை மலை போல ஏறிவிட்டது. என்ன செய்வது? பலர் வண்டி வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, அதிலேயே குடியேறினார்கள்.

அங்கே அடிப்பது சாமானியக் குளிர் அல்ல. அந்த எண்ணெய் வயல் பகுதியில் பார்ஷல் என்ற சிற்றூர் இருக்கிறது. 1936-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கியது!

நெருப்பு வைத்துக் குளிர வைப்பது

வண்டி வீட்டில் அடுப்பு எரிவது புரொபேன் என்ற வாயுவால். அறையைச் சூடாக்கும் கணப்பு இயந்திரத்துக்கும் அதுதான். வெந்நீர்த் தொட்டிக்கும் அதுதான். பல வண்டிகளில் குளிர்சாதனப் பெட்டி ஓடுவதும் அந்த வாயுவால்தான்!

"நெருப்பு வைத்துக் குளிர வைக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியும். 1922-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு மாணவர்கள் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு பேர் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். பெட்டிக்குள் அம்மோனியாவும் தண்ணீரும் குழாய்களில் அடைபட்டு இருக்கும். சின்னச் சுடர் அதைச் சூடாக்கினால், அம்மோனியா சுற்றி வந்து பெட்டியைக் குளிர வைக்கும். ஆனால் ஒரு வேடிக்கை! வெளியே கடுங்குளிர் அடித்தால் இந்தப் பெட்டி சண்டித்தனம் செய்யும்.

பெட்டி நின்றால் பரவாயில்லை. கணப்பு நின்றால் உயிருக்கே ஆபத்து அல்லவா?

கணப்பு ஏன் நிற்கிறது?

சிலிண்டருக்குள் புரொபேன் திரவமாக இருக்கிறது. அது கொதித்து வாயுவானால்தான் அடுப்புக்கு வரும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. புரொபேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கும் கீழே குளிர் இறங்கினால், திரவம் திரவமாகவே கிடக்கும். சிலிண்டர் நிறைய வாயு இருந்தும் அடுப்பு எரியாது!

அதற்கு முன்பே தொல்லை ஆரம்பித்துவிடும். 20 டிகிரியில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், வெளிக் காற்றின் அழுத்தத்தைப் போல 8 மடங்கு. பூஜ்யம் டிகிரியில் அது 5 மடங்குக்கும் குறைவு. பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான். வாயுவை வெளியே தள்ளும் பலம் குறைந்துவிடுகிறது.

நம் வீட்டு சிலிண்டரை வில்லிஸ்டனுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதில் புரொபேனுடன் பியூட்டேன் என்ற வாயுவும் கலந்திருக்கிறது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியிலேயே மக்கர் செய்யும். அதனால்தான் குளிர் நாடுகளில் தனிப் புரொபேனை உபயோகிக்கிறார்கள்.

கம்பளி போர்த்தலாமா?

கல்யாண வீட்டுச் சமையலில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும். மேலே வியர்த்திருக்கும். உள்ளே திரவம் கொதிப்பதற்கு உஷ்ணம் வேண்டும். அந்த உஷ்ணத்தை சிலிண்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் இருந்து உறிஞ்சுகிறது. அதனால்தான் வியர்க்கிறது.

பனி நாட்டிலும் இதே கதைதான். "பாவம், சிலிண்டர் குளிரில் கிடக்கிறதே!" என்று சிலர் கம்பளியைச் சுற்றிவிடுவார்கள். அதனால் பயன் இல்லை. மனித உடம்பில் சூடு இருக்கிறது. கம்பளி அதைக் காக்கிறது. சிலிண்டரில் ஏது சூடு? வெளியே இருந்து வரவேண்டிய உஷ்ணத்தைத்தான் கம்பளி தடுக்கும்!

சிலிண்டருக்கென்றே செய்த மின்சாரப் போர்வை உண்டு. அது சூடு தரும். அதைச் சுற்றலாம். பெரிய சிலிண்டரை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. உஷ்ணத்தை உறிஞ்சும் பரப்பு அதில் அதிகம். சிலிண்டர் காலியாகும் வரை காத்திருக்கவும் கூடாது. திரவம் குறையக் குறைய வாயு வருவதும் குறையும்.

சிலிண்டருக்குத் தீயைக் காட்டவே கூடாது. வெடித்துவிடும்! அதை வண்டிக்குள் கொண்டுபோய் வைப்பதும் தவறு. புரொபேன் காற்றைவிட கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

வாயு இருந்தும் கணப்பு நிற்பது உண்டு. சூட்டை அறைக்குள் ஊதும் விசிறி பேட்டரியால் ஓடுகிறது. குளிரில் பேட்டரியும் பலம் இழக்கும்.

சத்தம் இல்லாத எமன்

கணப்பு நின்றுவிட்டது. குழந்தைகள் நடுங்குகின்றன. தாய் என்ன செய்வாள்? சமையல் அடுப்பைப் பற்றவைத்து, ஜன்னல்களை இறுக மூடுவாள்.

அங்கேதான் எமன் காத்திருக்கிறான்!

கணப்பு இயந்திரம் வெளிக் காற்றை இழுத்து எரிகிறது. புகையையும் குழாய் வழியே வெளியே விடுகிறது. சமையல் அடுப்பு அப்படி அல்ல. அறையில் இருக்கும் பிராண வாயுவைத்தான் அது தின்கிறது. ஒரு கிலோ புரொபேன் எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். காற்று போதாமல் எரிந்தால் "கார்பன் மோனாக்சைடு" என்ற விஷ வாயு உண்டாகும்.

அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி வரும். பிறகு மயக்கம், குமட்டல். தூக்கத்தில் இருந்தால் இதுவும் தெரியாது. அப்படியே உயிர் போய்விடும்.

கணப்பின் புகைக் குழாயைப் பனி மூடினாலும் இதே ஆபத்துதான். அதனால் பனி கொட்டும்போதெல்லாம் குழாய் வாயைச் சுத்தம் செய்யவேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அறைக்குள் எரிந்தால் அது ஜன்னலிலும் சுவரிலும் படிந்து பனிக்கட்டியாகிவிடும். படுக்கையும் ஈரமாகும்.

நமக்கும் பாடம்

இது அமெரிக்காவோடு போகும் விஷயம் அல்ல. கொடைக்கானலில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவை மூடிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைப் படித்திருக்கிறோம். அடுப்பு வேறு, அங்கும் உயிரைக் குடித்தது அதே விஷ வாயுதான்.

வண்டி வீட்டில் வாழ்ந்து பழகியவர்கள் மூன்று விஷயங்களை மறப்பதில்லை. சமையல் அடுப்பைக் கணப்பாக உபயோகிப்பதில்லை. அடுப்பு எரியும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறார்கள். விஷ வாயு வந்தால் மணி அடிக்கும் கருவியை மாட்டி, அது வேலை செய்கிறதா என்று அடிக்கடி சோதிக்கிறார்கள்.

திறந்த ஜன்னல் வழியே குளிர் வரத்தான் செய்யும். வரட்டும்! இன்னொரு போர்வையைப் போர்த்திக்கொள்ளலாம். குளிருக்குப் பயந்து காற்று வரும் வழியை அடைக்காதீர்கள்.